இரண்டாம் எதிரி துளசிமணி

காவல் நிலையத்தில் தமக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் என்று ஆறுச்சாமி எதிர்பார்த்திருக்கவில்லை. வாசலில் நின்ற காவலர் கைகூப்பி வணக்கம் சொன்னார். மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்கள். கேட்பதற்கு முன்பே ஒரு டம்ளரில் மண்பானைத் தண்ணீர் வந்தது. புகார் கொடுக்க வருபவரை நிற்க வைத்துப் பேசக் கூடாது என்பது, துலாக்கோல் என்னும் இயந்திரம் நிறுவப்பட்ட நாள் முதலாகச் சேமலைப்புதூர் காவல் நிலையத்தின் விதி. அந்த விதியை அங்கே எல்லோரும் மனமுவந்து மதித்தார்கள். அதனால் செலவு எதுவும் இல்லை.

"எப்போயிருந்துங்கய்யா அம்மாவைக் காணோம்?" என்று கேட்டார் மோகனப்பிரியா. நிலையத்தின் ரைட்டர் அவர். புகார்களைக் கேட்டு எழுதுவது அவருடைய வேலை. ஆறுச்சாமிக்கு மகள் இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த வயதுதான் இருக்கும்.

"பொழுது விடியறப்பவே போயிட்டாளுங்க அம்மணி. நான் பால் வாங்கப் போனனுங்க. கேட்டுக் கொக்கியைப் போட மறந்துட்டேன். மறதி அவளுக்குத்தான்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. இன்னைக்கு எனக்கு வந்துருச்சு."

அவர் பக்கத்தில் நின்றிருந்த கனகராஜ், துளசிமணியின் தம்பி, வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கத்திரி வெயிலுங்க மேடம். அக்காளுக்குத் தாகமெடுத்தாலும் கேட்டுக் குடிக்கத் தெரியாது. மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சாத்தானுங்க ஆச்சு."

வெளியே வேப்பமரத்தின் இலை ஒன்றுகூட அசையவில்லை. காக்கைகள் ஜீப்புக்கு அடியில் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டு நின்றன.

மோகனப்பிரியா விவரங்களைத் திரையில் இட்டார். பெயர் துளசிமணி. வயது அறுபத்தெட்டு. வருமானம் இல்லை. மறதி நோய், மூன்றாம் நிலை. மேசையின் ஓரத்தில் இருந்த சிறு கறுப்புப் பெட்டி, அதாவது துலாக்கோல், இரண்டு முறை பச்சையாக மினுக்கிவிட்டு ஓர் எண்ணைக் காட்டியது. மோகனப்பிரியா அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு ஆறுச்சாமியைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வேண்டுமா என்று மறுபடியும் கேட்டார்.

"எவ்வளவு வருதுங்க?" என்றார் ஆறுச்சாமி.

"அதை விடுங்கய்யா."

"சொல்லுங்க அம்மணி. தராசு வந்தப்ப மில்லுக்கு முன்னால ஜிலேபி குடுத்தவன் நானு."

அது உண்மை. அதற்கு முந்தைய காலத்தில் எந்தப் புகாரை முதலில் எடுப்பது என்பதைத் தொலைபேசி மணிதான் முடிவு செய்தது. யாருடைய மாமனார் யாருக்குத் தெரிந்தவர் என்பதைப் பொறுத்து ஜீப் ஓடியது. துலாக்கோலுக்கு மாமனார் கிடையாது. எவ்வளவு இழப்பு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆறுச்சாமி, பஞ்சு நிறுக்கும் தராசுகளைப் பழுது பார்த்தவர் என்ற முறையில், இதைவிட நியாயம் வேறில்லை என்று அன்றைக்குப் பலரிடம் சொல்லியிருந்தார்.

"மைனஸ்ல வருதுங்கய்யா" என்றார் மோகனப்பிரியா.

"மைனஸுங்களா?"

"விபத்து வழக்குல நஷ்டஈடு போடுவாங்கல்லங்க, வயசு, சம்பாத்தியம், இன்னும் எத்தனை வருசத்துக்குன்னு பெருக்கி? அதே கணக்குதானுங்க. அம்மா வீட்டு வேலை செஞ்சா அதுக்கு ஒரு சம்பளம் போட்டுக்கும். இப்ப அவங்களால முடியறதில்லீங்க. மருந்துச் செலவு, உங்க வேலை நேரம், எல்லாத்தையும் கழிச்சுப்போடுது. மைனஸ்ல இருக்கறவங்களைத் தேடுனா வீட்டுக்கு நட்டம்னு நெனைச்சுக்குதுங்க."

கனகராஜ் பெட்டியை முறைத்தார். "அப்ப மேல இருக்கறது யாருங்க?"

மோகனப்பிரியா திரையைச் சற்றே திருப்பினார். முதலிடத்தில் வெள்ளையாகப் புசுபுசுவென்று ஒரு நாய் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவருடையது. முந்தைய நாள் காணாமல் போயிருந்தது.

"நாய்க்கு அவ்வளவுங்களா?"

"செனையா இருக்குதுங்க. குட்டிகளோட விலையும் சேந்துக்குது. அதில்லாம நியூஸ்ல காட்டறாங்க. அவுங்க காட்டுனா இதுல ஏறும். இதுல ஏறுனா அவுங்க காட்டுவாங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கும்ங்க."

சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் அந்த நாயின் பராமரிப்பாளர் அழுதுகொண்டிருந்தார். நிலையத்தின் மூன்று ட்ரோன்களும் அதைத் தேடிப் போயிருந்தன.

மோகனப்பிரியா தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்குதுங்க. காணாமப் போன பொம்பளைங்க எல்லாருக்கும் கேக்கறதுதான். அம்மா என்ன நகை போட்டிருந்தாங்க?"

ஆறுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

துளசிமணியின் கழுத்தில் ஒரு தாலிக்கொடி இருந்தது. அதற்கு முன் இருந்தது பதினொரு பவுன் தங்கக் கொடி. அவர்களுடைய அறுபதாம் கல்யாணத்துக்குக் கனகராஜ் தம் கையிலிருந்து பொன் சேர்த்து, பழையதை அழித்துப் புதிதாகச் செய்து, பந்தலில் எல்லோரும் பார்க்க அக்காவுக்குப் போட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் ஸ்கேனுக்கும் மருந்துக்குமாக ஆறுச்சாமி அதை அடகு வைத்துவிட்டு, அதே அச்சில் ஒரு கவரிங் கொடியை வாங்கிப் போட்டிருந்தார். துளசிமணிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு அப்போதே எதிலும் வித்தியாசம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. தெரியக் கூடாத ஒரே ஆள் கனகராஜ். அவரோ நாற்காலிக்குப் பக்கத்தில், முழங்கை இடிக்கும் தூரத்தில் நின்றிருந்தார்.

"கொடி போட்டிருந்தாளுங்க" என்றார் ஆறுச்சாமி. "பதினொரு பவுனு."

சத்தியமாக அவர் தராசை நினைத்துச் சொல்லவில்லை. மைத்துனனை நினைத்துத்தான் சொன்னார்.

துலாக்கோல் மினுக்கியது. நாயின் படம் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் மிகவும் சுறுசுறுப்பாக நடந்தன. உள்ளறைக் கதவு திறந்து இன்ஸ்பெக்டர் ஹரிபிரசாத் வெளியே வந்தார். "என்னங்கய்யா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று ஆறுச்சாமியின் தோளைத் தொட்டார். ஏலக்காய் போட்ட தேநீர் வந்தது. ட்ரோன்கள் பாதி வழியில் நாயைக் கைவிட்டு வாய்க்கால் பக்கமாகத் திரும்பின. ஒரு செய்தி அலைவரிசையிலிருந்து படம் கேட்டார்கள். ஆறுச்சாமி அறுபதாம் கல்யாணப் படத்தை அனுப்பினார். சிறிது நேரத்தில் அது தொலைக்காட்சியில் வந்தது. கொடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் துளசிமணியின் முகம் திரைக்குள் அடங்கவில்லை. மோவாய் மட்டும் தெரிந்தது.

"அக்காளோட மோவாய்தான்" என்றார் கனகராஜ், யாரோ சந்தேகப்பட்டதைப் போல.

"நகைக்கு ஹால்மார்க் நம்பர் இருக்குமே?" என்றார் இன்ஸ்பெக்டர். "அதைப் போட்டா எந்தக் கடையில வித்தாலும் உடனே மாட்டிக்கும்."

"பில்லு என்ற போன்லயே இருக்குதுங்க சார்" என்று கனகராஜ் முன்னால் வந்தார். அவர் குரலில், அந்த நிலைமையிலும், கொஞ்சம் பெருமை இருந்தது. "நாந்தானுங்க செஞ்சு போட்டது."

ஆறுச்சாமி, "மாப்ள," என்றார். "அது இப்ப எதுக்கு?"

"இருக்கட்டுமுங்க மாமா. சீக்கிரம் கெடைக்கோணுமில்ல?"

எண் ஏறியது. துலாக்கோல் ஒரு முறைதான் மினுக்கியது. கொடி கிடைத்துவிட்டது.

காவல் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் இரும்பு அறையில், ஆறுச்சாமியின் பெயரெழுதிய உறைக்குள் அது பத்திரமாக இருந்தது. இழப்பு எதுவும் இல்லை. வழக்கு முடித்துவைக்கப்பட்டது. சொத்து இருக்குமிடம் தெரிந்ததில் காவல் துறை மகிழ்ச்சி அடைவதாக ஆறுச்சாமியின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் வாய்க்காலுக்கு மேலே மூன்று ட்ரோன்களும் வட்டமடித்துத் திரும்புவது தெரிந்தது. தொலைக்காட்சியில் நாய் மறுபடியும் வந்தது.

தேநீரை ஆறுச்சாமி பாதி குடித்திருந்ததால் யாரும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கனகராஜ் பில் இருந்த கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ற கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே மாமா."

"கேட்டிருக்கலாம் மாப்ள."

"நான் என்ன, பந்தல்ல போட்டதைப் பந்தல்லயே வந்து கேக்கறவனா?"

"இல்ல."

"அப்பறம்?"

மோகனப்பிரியா திரையைப் பார்த்து முகம் மாறினார். துலாக்கோல் தானாகவே மினுக்கத் தொடங்கியிருந்தது. சிவப்பாக.

இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துவிட்டு, உண்மையான வருத்தத்துடன், ஆறுச்சாமிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது. பொய்த் தகவல் குடுத்ததா மிஷினே ஒரு கேஸ் போட்டிருக்கு. ட்ரோன் பறந்த செலவு, எங்க ஆளுங்க படி, அதெல்லாம் சில்லறை. டிவிக்காரங்க உங்க நியூஸுக்காக ஒரு விளம்பரத்தைத் தள்ளி வெச்சிருக்காங்க. அந்த நட்டம்தான் பெருசு."

"எவ்வளவுங்க?"

"நாயைவிட ஜாஸ்தி. கொடியைவிடவும் ஜாஸ்தி." இன்ஸ்பெக்டர் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "வயசானவர் ஏமாத்தினார்னா ஜனங்க ரெண்டு மடங்கு பாப்பாங்களாம். இன்னிக்கு மாவட்டத்துலயே நீங்கதாங்கய்யா முதல்."

காவல் துறையின் எழுத்துத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். முதல் எதிரி ஆறுச்சாமி என்று மோகனப்பிரியா தட்டச்சு செய்தார். ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எதிரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆகவே மாவட்டத்தின் முதன்மை வழக்குக்காக ஒதுக்கப்பட்ட ட்ரோன்களும் ஜீப்புகளும் செய்வதற்கு ஒன்றுமின்றி நின்றன.

"என்னைப் புடிச்சு உள்ள போடுங்க சாமி" என்றார் ஆறுச்சாமி. "அவளை மட்டும் தேடிக் குடுத்துருங்க. நேத்துச் சாயந்தரம் குடிச்ச மோருதானுங்க அவ வகுத்துல இருக்குது."

"எனக்கு மனசில்லாமலா ஐயா? மைனஸ் கேஸுக்கு ஜீப்பை எடுத்தேன்னா டீசல் காசு என் சம்பளத்துல புடிப்பாங்க. அதுகூடப் பரவாயில்ல. சாவியே தராது. மிஷின் சொன்னாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும்." இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

கனகராஜ் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். "நான் ஸ்கூட்டர்ல சுத்தறனுங்க மாமா. இவுங்களை நம்பி ஆகறதில்ல." பத்து ஊர் வாய்க்காலும் கரும்புக்காடும் ஒரு ஸ்கூட்டருக்கு அடங்காது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மாட்டினார்.

"சித்த இருங்க" என்றார் மோகனப்பிரியா.

அவர் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. இன்ஸ்பெக்டரின் முதுகை ஒரு முறை பார்த்தார். பிறகு, வழக்கமாக எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்பவர் போலக் கேட்டார். "ஐயா, அம்மா கழுத்துல இப்ப இருக்கறது என்னங்க?"

"கவரிங்குதானுங்க அம்மணி. அதான் தெரிஞ்சு போச்சுங்களே."

"தங்கம்னு நீங்க சொன்னது அதைத்தானுங்க?"

"ஆமாங்க."

"அப்படீன்னா அது வழக்குச் சொத்துங்க. பொய்க்கு ஆதாரம். அதை நாங்க கைப்பத்தியாகோணும்." மோகனப்பிரியா மிகவும் நிதானமாகப் பேசினார். "அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தரு வெளிய சுத்தறாங்க. வீட்டுல சொல்லிக்காமப் போயிருக்காங்க. எங்க இருக்காங்கன்னு தெரியல. இதுக்கு எங்க பாஷையில தலைமறைவுன்னு பேருங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் காது இந்தப் பக்கம் இருந்தது.

"ரெண்டு பேருமா சேந்து திட்டம் போட்டதா முதல் எதிரி வாக்குமூலம் குடுத்தா, அம்மாவை ரெண்டாம் எதிரியாச் சேத்துக்கலாமுங்க. கேஸோட மதிப்பு முழுசும் அவங்க பேர்லயும் ஏறும். ஆனா ஐயா, ஒருக்கா ஏத்துனா எறக்க முடியாதுங்க. நியூஸ்ல வரும். ஊருல பேசுவாங்க. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

"அவளுக்குத்தான் மறதின்னு இதே மிஷினு கழிச்சுதே, அம்மணி. திட்டம் போட மறதி குறுக்க வராதுங்களா?"

"அதைக் கோர்ட்டு பாத்துக்குமுங்க. இது பாக்காது."

கனகராஜ் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். "என்ன பேசறீங்க? என்ற அக்காளைத் திருடீன்னு எழுதப் போறீங்களா? டவுன் பஸ்ஸுல கண்டக்டர் டிக்கெட் கேக்காம விட்டுட்டான்னு, எறங்கி ரெண்டு ஸ்டாப்பு நடந்தே போயி டெப்போவுல காசு கட்டுனவங்க! மாமா, வேண்டாமுங்க. சொல்லீட்டேன்."

ஆறுச்சாமிக்கு அந்தப் பேருந்து நினைவிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கால் வீங்கிப் படுத்தவளை, அவர்தான் பைத்தியக்காரி என்று திட்டியிருந்தார். நாணயமானவள் என்று ஊரில் அவள் எடுத்த பெயரைத்தான் இவ்வளவு காலம், அவளே மறந்துபோன பிறகும், அவள் சார்பில் அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கொடியை அடகு வைத்தார். பெயரை வைத்ததில்லை.

"எழுதுங்க அம்மணி" என்றார்.

"மாமா!"

"அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தான்னே எழுதுங்க. நான் அப்பிராணின்னு எழுதுங்க. எது எழுதுனா ஜாஸ்தி ஏறுமோ அதை எழுதுங்க." பிறகு மைத்துனனின் பக்கம் திரும்பினார். "உசுரோட வந்து சேரட்டும் மாப்ள. திருடியா இருந்துட்டுப் போறா."

மோகனப்பிரியா எழுதினார். ஆறுச்சாமி கையெழுத்துப் போட்டார். கனகராஜ் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அப்புறம் போட்டார்.

துலாக்கோல் மினுக்கிய வேகத்தில் இன்ஸ்பெக்டரே கொஞ்சம் பின்வாங்கினார். மாடியிலிருந்து மூன்று ட்ரோன்கள் எழும்பின. அடுத்த நிலையத்திலிருந்து நான்கு வந்தன. தலைமையகம் இரண்டு அனுப்பியது. ஜீப்புகளின் சாவிகள் விளக்கெரிந்து அழைத்தன. தொலைக்காட்சியில் நாய் பேச்சோடு பேச்சாக மறைந்து, துளசிமணியின் முகம், நெற்றிக் குங்குமத்தோடு முழுதாக, முதன்முறையாக வந்தது. "தங்கம் என்று கூறிக் காவல் துறையைத் திசைதிருப்பிய மூதாட்டி தலைமறைவு. பின்னணியில் யார்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"நல்லாத்தான் போட்டோ போட்டிருக்காங்க" என்றார் ஆறுச்சாமி.

அவருக்கு மறுபடியும் வந்த தேநீரில் ஆடை படிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊருக்கு வடக்கே, தண்ணீர் வராத கிளை வாய்க்காலின் மதகுக்கு அடியில், நிழலில், சேற்று ஈரத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது ட்ரோன்களும் அவளைச் சுற்றி வட்டமாக நின்றன. அனைத்தையும் நேரலையில் காட்டினார்கள்.

"துளசிமணி! நீங்கள் சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறீர்கள்!" என்றது ஒலிபெருக்கி. "இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள்!"

துளசிமணி அண்ணாந்து பார்த்தாள். ட்ரோனின் விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. கற்பூர ஆரத்தி காட்டும்போது செய்வதைப் போல, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

மூதாட்டி சரணடைந்துவிட்டார் என்று அறிவிப்பாளர் கூறினார்.

கைது செய்யப்பட்டவரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். காணாமல் போனவருக்கு அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. எனவே துளசிமணிக்குக் குளிர்சாதன வண்டி கிடைத்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் சிறிது நேரம் வெயிலில் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர், எதிரியின் உடல்நிலைச் சான்றிதழில், தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். கழுத்திலிருந்த கவரிங் கொடி, மஞ்சள் கயிறு ஒன்று மாற்றிப் போடப்பட்ட பிறகு, கைப்பற்றப்பட்டது.

ஜாமீனில் வெளியே வந்த எதிரிகள் இருவர் காலிலும் ஆளுக்கொரு வளையம் மாட்டினார்கள். எங்கே போனாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அந்த ஏற்பாடு ஆறுச்சாமிக்குப் பிடித்திருந்தது. துளசிமணிக்கு ஒரே ஒரு குறை. கொலுசு ஏன் ஒரு காலுக்கு மட்டும் என்று அடிக்கடி கேட்டாள். "இன்னொண்ணு ஆசாரி கிட்ட இருக்குதும்மா" என்று ஒவ்வொரு முறையும் ஆறுச்சாமி சொன்னார். அதுவரை சொல்லிவந்த பொய்களோடு ஒப்பிட்டால் அது சிறியது.

ஒரு மாதம் கழிந்து வழக்கறிஞர் ஒருவர் தாமாகவே வீடு தேடி வந்தார். வழக்கில் வலுவே இல்லை என்றார். மறதி நோய்ச் சான்றிதழைக் காட்டினால் முதல் வாய்தாவிலேயே விடுதலை வாங்கித் தருவதாகவும், பணம் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

ஆறுச்சாமி அவருக்கு மோர் கொடுத்தார். "கோவிச்சுக்கப்படாதுங்க சார். விடுதலை வேண்டாமுங்க."

"ஏங்கய்யா? அம்மா பேருக்குக் களங்கமில்லையா?"

"விடுதலை ஆயிட்டா வளையத்தைக் கழட்டிருவாங்க. அவ மறுபடியும் மைனஸ்ல போயிருவா. எத்தனை வாய்தா வாங்க முடியுமோ அத்தனை வாங்கிக் குடுத்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமா இருக்கும்."

வழக்கறிஞர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, வீட்டில் தமக்கும் மறதி நோயோடு ஒரு மாமியார் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமைதோறும் எதிரிகள் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை ஆறுச்சாமி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது, வாசல் வேப்பமரத்தைத் தாண்டி வரிசை நின்றது. அவரைப் போலவே நிறையப் பேர் யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் நிற்கும் அடக்கத்தோடு நின்றார்கள். தண்ணீர் டம்ளர்கள் போதவில்லை என்று காவலர் ஒருவர் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தார்.

வரிசையின் முன்னால், சலவைச் சட்டை போட்ட ஒருவர் தம் தகப்பனாரை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். கிழவர் மேசையைத் தடவிப் பார்த்து, "நல்ல தேக்கு" என்றார்.

மோகனப்பிரியா நிமிர்ந்து பார்த்தார். ஆறுச்சாமியைக் கண்டதும் தலையை லேசாக அசைத்தார். பிறகு விசைப்பலகையின் மேல் கையை வைத்தார்.

"சொல்லுங்க. ஐயா என்ன குத்தம் பண்ணினாருங்க?"

சலவைச் சட்டைக்காரர் தகப்பனாரைப் பார்த்தார். கிழவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களே அவருக்குத் தகுந்த மாதிரி நல்லதா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்" என்றார் மகன்.